மாணாக்கரும் விமானக் கட்டணமும்

நமது தேசத்திலிருந்து அந்நிய நாடுகளுக்குச் சென்று கல்வி பயிலும் மாணவ மாணவிகளின் தொகை 2024-ஆம் வருஷத்தில் 13 லட்சத்துக்கு மேற்பட்டிருந்ததாக மத்திய சர்க்காரின் வெளிவிவகார இலாகா கணக்கிட்டது. அவர்கள் செலுத்தும் கல்லூரிச் சம்பளத்தைப் பற்றியும், அங்கே அவர்களுக்கு நேரும் இன்னல்களைப் பற்றியும் பத்திரிகைகள் எழுதுகின்றன. சட்டசபைகளிலும் கேள்விகள் எழுகின்றன. ஆனால் அவர்கள் என்ன கட்டணம் கொடுத்து, எந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு ஆகாய விமானம் ஏறுகிறார்கள் என்பதைச் சிந்திப்பார் அரியர். நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு இஃது அற்ப விஷயமன்று. ஆதலின் இதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வியாபாரத்தின் பொருட்டோ உல்லாசத்தின் பொருட்டோ செல்லும் பிரயாணி, கட்டணம் ஏறியிருந்தால் பிரயாணத்தை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம். மாணாக்கனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அமெரிக்கக் கலாசாலைகள் பெரும்பாலும் ஆகஸ்டிலும், பிரிட்டிஷ் கலாசாலைகள் செப்டம்பரிலும், ஜெர்மன் கலாசாலைகள் அக்டோபரிலும் வகுப்புகளைத் தொடங்குகின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே காலத்தில் புறப்பட வேண்டியிருத்தலால், கட்டணமும் அதே காலத்தில் உச்சிக்கு ஏறுகிறது. முன்கூட்டி டிக்கெட்டு வாங்கினால் மலிவாயிற்றே என்று புத்தி சொல்வோர் உண்டு. புத்தி நல்லதே. ஆனால் விசா கிடைக்குமுன் வாங்கியவன், விசா மறுக்கப்பட்டால் பணத்தை இழக்கிறான். விசா வரட்டும் என்று காத்திருந்தவன், ஏறிய விலையைக் கொடுத்து வாங்குகிறான். எப்படிச் செய்தாலும் நஷ்டம் அவனுடையது. கம்பெனிக்கு இரண்டிலும் நஷ்டமில்லை.

மாணாக்கருக்கென்று விசேஷக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறதே என்று கம்பெனிகள் கூறலாம். இருக்கிறது; அதை நாம் மறுக்கவில்லை. அடிப்படைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைத் தள்ளிக் கொடுக்கிறார்கள். சாதாரணமாகப் பத்துக் கிலோ அளவுக்கு அதிகச் சாமான் கொண்டுபோக அனுமதிக்கிறார்கள். சிலர் ஒரு தடவை தேதியை மாற்றிக்கொள்ளவும் இடம் தருகிறார்கள். குளிர் தேசத்துக்குக் கம்பளியும், சமையல் பாத்திரமும், புஸ்தகமும் சுமந்து செல்பவனுக்குத் தள்ளுபடியைவிட அந்தப் பத்துக் கிலோவே பேருதவி. ஆயினும் அடிப்படைக் கட்டணத்துக்கு வரம்பில்லாதபோது அதில் பத்தில் ஒரு பங்கு குறைப்பதால் யாது பயன்? நூறு ரூபாய்ச் சரக்கை நூற்றைம்பதாக்கிவிட்டுப் பதினைந்து தள்ளுபடி தரும் கடைக்காரனைத் தர்மவான் என்று எவரும் சொல்லார்.

மலிவைத் தேடும் மாணாக்கருக்கும் ஒரு வார்த்தை. 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய பின்னர், எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் பிரயாணிகளை இனாமாக ஏற்றிக் குடையும் தருவதாகச் சொல்லிற்று என்பது தமிழர் மறவாத சரித்திரம். இந்த மலிவு யார் நன்மைக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்க நாம் அன்றே கற்றிருக்க வேண்டும். 1977-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுக்கு ஆள் ஏற்றிய லேக்கர் கம்பெனி 1982-இல் முறிந்தது. நமது தேசத்துக் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி 2023 மே மாதத்தில் விமானங்களை நிறுத்தியது. முன்பணம் கட்டியவர்களே திண்டாடினார்கள். மேலும், இரண்டு கம்பெனிகளின் டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கி இணைத்துச் செல்பவன், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனி அவனுக்குப் பொறுப்பேற்பதில்லை. இடைவழியில் சாமானை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். சில நாடுகளில் அதற்குத் தனி விசாவும் வேண்டும். ஒரே டிக்கெட்டாக வாங்குவதற்குச் சற்று அதிகமாயினும், முடிவில் அதுவே மலிவு.

இனி சர்க்காரின் பொறுப்பைப் பார்ப்போம். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கருக்கு மத்திய சர்க்கார் 1954-55 முதல் நடத்திவரும் அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டம், போக வர விமானக் கட்டணத்தையும் உட்கொண்டது. பாங்கிகள் கல்விக் கடன் கொடுக்கையில் பிரயாணச் செலவையும் சேர்த்துக்கொள்கின்றன. அதாவது டிக்கெட்டுக்கும் மாணாக்கன் வட்டி கட்டுகிறான். பிரயாணம் கல்வியின் ஓர் அங்கம் என்னும் தத்துவம் இங்ஙனம் ஒப்புக்கொள்ளப்பட்டதே. உபகாரச் சம்பளம் பெறுவோர் வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் பேர். மற்ற லட்சக்கணக்கானோருக்கு அத்தத்துவம் செல்லாதா?

விமானக் கம்பெனிகள் தனியாருடையவை, அவற்றைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது ஓர் ஆட்சேபம். 1953-இல் தேசத்தின் உடைமையான ஏர் இந்தியாவும் 2022-இல் தனியார் கைக்குத் திரும்பியது மெய்யே. ஆயினும் ஆகாயம் தனியாருடையதன்று. 1944-ஆம் வருஷத்துச் சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு தேசமும் தன் ஆகாயத்துக்குத் தானே எஜமானன். நம் கம்பெனியோ அந்நியக் கம்பெனியோ, இரண்டு சர்க்கார்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரிலேயே இங்கிருந்து பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறது. உரிமையை அளிப்பவர் நிபந்தனை விதிப்பதில் அநியாயம் ஏதுமில்லை.

நாம் கேட்பது தானமன்று. கலாசாலையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டுபவனுக்கு, புறப்படும் பருவம் முழுவதும் மாறாத ஒரு கட்டணம். விசா மறுக்கப்பட்டால் டிக்கெட்டுப் பணம் திரும்புதல். வகுப்புத் தேதி மாறினால் ஒரு தடவை அபராதமின்றித் தேதி மாற்றம். இம்மூன்றும் போதும். டிக்கெட்டை ரத்துச் செய்தால், எவ்வளவு மலிவான டிக்கெட்டாயினும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நம் நாட்டுக் கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2016-இல் சர்க்கார் விதி செய்தது. அதை அறிந்து கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? செய்த விதியைப் பறை சாற்றுவதும் சர்க்காரின் கடமையே.

அந்நிய நாட்டுக்குப் போகிறவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும், இங்கேயே கலாசாலைகளை உயர்த்தலாகாதா என்று சில அன்பர்கள் கேட்பார்கள். உயர்த்தத்தான் வேண்டும், அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் அது பல வருஷத்து வேலை. வருகிற ஆவணியில் புறப்படும் பிள்ளை அதுவரை காத்திருக்க மாட்டான். போகிறவன் கடன் சுமையோடு போனால், அக்கடனைத் தீர்க்க அங்கேயே தங்கிவிடுவான். சுமை குறைந்து போகிறவனே, கற்ற வித்தையோடு தாய்நாட்டுக்குத் திரும்புவதைப் பற்றி எண்ணிப் பார்ப்பான். அவன் திரும்பி வரவேண்டும் என்று விரும்பும் தேசம், அவன் புறப்படும் வழியைச் சீர் செய்யக் கடமைப்பட்டது.