பங்கு என்ற பெயர் மட்டும் போதுமா?

காங்கேயத்து எண்ணெய் ஆலைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருவர் மூவர் சேர்ந்து முதல் போட்டுத் தொழில் செய்வது புதிதன்று. திருப்பூர்ப் பனியன் தொழிலும் இவ்வாறு கூட்டு முதலில் வளர்ந்ததே. இலாபத்தைப் பேசியபடி பிரித்துக்கொள்வர். நட்டத்தைப் போட்ட முதலுக்கேற்பத் தாங்குவர். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் வரை சென்று வாணிபம் செய்ததை அறிந்த நமக்கு, பிறர் முதலில் தொழில் நடத்தும் முறையை விளக்கவும் வேண்டுமோ?

கம்பெனியின் சாதாரணப் பங்கும் ஏறத்தாழ இத்தகையதே. அவிநாசியிலுள்ள எஸ்.பி. அப்பேரல்ஸ் ஆடை நிறுவனம் 2016ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது, 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கின் விலை 268 ரூபாய். வாங்கியவர் அந்த அளவுக்கு உரிமையாளர். அவருக்கு வாக்கு உண்டு. ஈவுத்தொகை இவ்வளவு என்ற உறுதி மட்டும் இல்லை. கம்பெனியைக் கலைத்தால், கடன் கொடுத்தோர் யாவரும் பெற்றபின் மிஞ்சுவதே அவருக்கு.

முன்னுரிமைப் பங்கின் தன்மை வேறு. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, இதற்கு நிர்ணயித்த ஈவுத்தொகை உண்டு. கலைக்கும்போது முதலைத் திரும்பப் பெறுவதில் முந்திய இடமும் உண்டு. பொதுவாக 20 ஆண்டுகளுக்குள் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாக்குரிமையோ மிகக் குறைவு. இவையெல்லாம் கடனின் சாயல்கள் அல்லவா? இலாபமில்லாத ஆண்டில் ஈவு தர வேண்டியதில்லையே, ஆகவே இது வட்டியன்று என வாதிடுவோர் உளர். ஆனால் பெரும்பாலும் அந்தப் பாக்கி சேர்ந்துகொண்டே போய், இலாபம் வந்ததும் சாதாரணப் பங்குதாரருக்கு முன்பாகத் தீர்க்கப்படுகிறது. இலாபத்திலும் கலைப்பிலும் இவ்வாறு முந்திய இடம் தரும் பங்குகளை வெளியிடலாகாது என 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை தீர்மானித்தது. நிர்வாக நடைமுறைகளில் சில பங்குகளுக்குத் தனி உரிமை தருவதை அது தடுக்கவில்லை.

நிலம் விற்ற பணத்தையோ, கணவனை இழந்த பெண்ணின் கைப்பொருளையோ ஒருவரிடம் ஒப்படைக்குமுன், "வட்டி இல்லை, பங்குதான்" என்ற சொல்லோடு நின்றுவிடலாகாது. எந்தப் பங்கு என்று கேட்க வேண்டும். வெட்கப்பட இதில் ஏதுமில்லை.

சாதாரணப் பங்கு என்றாலும் சோதனை முடிவதில்லை. மதுவும் வட்டியுமே தொழிலாகக் கொண்ட கம்பெனி ஆகாது. வட்டிக் கடன், பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டையும், ஆகாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டையும் தாண்டலாகாது என்பது பஹ்ரைனிலுள்ள இஸ்லாமிய நிதித் தர அமைப்பின் அளவு; அந்தச் சிறு வருமானத்தின் பங்கையும் தர்மமாகக் கழித்துவிட வேண்டும். இதையும் ஏற்காத அறிஞர்கள் உளர். வங்கிக் கடனின்றி நூற்பாலை நடப்பது அரிது. நம் ஊர் ஆலை என்ற பாசத்தால் மட்டும் பங்கு வாங்குவோர், அதன் ஆண்டறிக்கையில் கடன் கணக்குள்ள பக்கத்தை முதலில் புரட்டுவது நல்லது.