நோயாளியின் சொல்: உடல்நல உளவியல் முதுகலைக் கல்வியில் தமிழின் இடம்

மருத்துவ அறிவியல் கடந்த நூறாண்டுகளில் அடைந்துள்ள வளர்ச்சி வியந்து போற்றத்தக்கது. 1921-இல் கண்டறியப்பட்ட இன்சுலின், அடுத்த ஆண்டிலிருந்தே நீரிழிவு நோயாளரின் உயிரைக் காக்கத் தொடங்கியது. காசநோய்க்கு மருந்து வந்தது. குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் வந்தன. ஆயினும் மருந்து கடையில் இருப்பது வேறு. அது உரிய வேளையில் நோயாளியின் வயிற்றுக்குள் செல்வது வேறு. நீண்டகால நோய்களுக்கு விதிக்கப்படும் மருத்துவத்தைக் கடைப்பிடிக்கும் அளவு, வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 விழுக்காடுதான் என்றும், வளரும் நாடுகளில் அதனினும் குறைவு என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தது.

மருந்து இருந்தும் நோய் தீராமைக்குக் காரணம் என்ன? மனிதர் தம் உடலைப் பற்றி என்ன எண்ணுகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதனை மறைக்கின்றனர் என்பவற்றை முறைப்படி ஆராய்கிற துறையே உடல்நல உளவியல். இதனை முதுகலை நிலையில் கற்க விரும்பும் மாணவ, மாணவியர் இன்று பெருகி வருகின்றனர். அவர்களுக்கும், அவர்களை அனுப்பலாமா வேண்டாமா எனத் தயங்கும் பெற்றோர்க்கும் சில கருத்துகளைக் கூற விழைகிறோம். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். இடம் உண்டு என்பதே நம் கட்டுரையின் கருத்து. அறுவை மருத்துவருக்குக் கத்தி எவ்வாறோ, அவ்வாறே இத்துறையினருக்குச் சொல். நம் நாட்டு நோயாளியின் சொல் தமிழ்ச் சொல்.

துறை தோன்றிய வரலாறு

1950-களில் அமெரிக்கப் பொது நலவாழ்வுப் பணித்துறை, நெஞ்சகக் காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பொருட்டு, எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகளை மக்கள் வாழும் பகுதிகளுக்கே அனுப்பி வைத்தது. கட்டணம் இல்லை; நெடுந்தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. எனினும் மக்கள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலறிஞர், நோய் தமக்கும் வரக்கூடும் என்ற எண்ணமும், முன்னரே அறிந்தால் பயன் உண்டு என்ற நம்பிக்கையும் ஒருங்கே உடையோரே மிகுதியாக வந்தனர் என்று கண்டனர். 'நலவாழ்வு நம்பிக்கை மாதிரி' என இன்று பாடநூல்களில் கற்பிக்கப்படும் கோட்பாடு இவ்வாறு பிறந்ததே.

அதே பத்தாண்டில் நம் சென்னையிலும் ஓர் அரிய ஆய்வு நிகழ்ந்தது. 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம், மருத்துவ விடுதியில் தங்கி மருந்துண்போரையும், நெருக்கடி மிக்க ஏழை இல்லங்களில் இருந்தபடியே மருந்துண்போரையும் ஒப்பிட்டது. நல்லுணவும் ஓய்வும் குறைந்த இல்லங்களிலும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்ந்தது என்ற முடிவு 1959-இல் வெளிவந்து, உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. அங்குப் பணியாற்றிய வாலஸ் ஃபாக்ஸ் மற்றொன்றையும் கவனித்தார். வீட்டில் இருப்போர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என அறிய, முன்னறிவிப்பின்றி இல்லம் சென்று மாத்திரைகளை எண்ணுதல், சிறுநீரைச் சோதித்தல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன. பலர் இடையிடையே மருந்தை விட்டுவிடுவது புலனாயிற்று. மருந்தைப் பணியாளர் கண்முன் உண்ணச் செய்யும் முறை உலகில் பரவியதற்குச் சென்னை ஆய்வுகள் வழிகோலின. சேத்துப்பட்டில் உள்ள அந்நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கப்படுகிறது.

1977-இல் ஜார்ஜ் ஏங்கல் என்னும் மருத்துவர், நோயை உடற்கூறு கொண்டு மட்டும் விளக்குதல் போதாது. மனமும் சமூகச் சூழலும் சேர்ந்த முழுப் பார்வை வேண்டும் என வாதிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க உளவியல் கழகத்தில் உடல்நல உளவியலுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. வள்ளுவர் இத்துறையை அன்றே கற்பித்துவிட்டார் என்று நாம் வலிந்து உரைக்க மாட்டோம். ஆயினும் மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது, அவர் நோயாளியையே முதலில் வைத்தார் என்பது தமிழ் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

கற்பன யாவை?

முதுகலைப் படிப்பில் மன அழுத்தம் உடலைத் தாக்கும் வழிகள், வலியின் உளவியல், புகை, மது போன்ற பழக்கங்களை மாற்றும் முறைகள், நாட்பட்ட நோயோடு வாழ்தல், மருத்துவர் - நோயாளி உரையாடல், புள்ளியியல், ஆய்வு நெறி ஆகியவை இடம்பெறும். மருத்துவமனைக் களப்பயிற்சியும் ஆய்வேடும் உண்டு. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனி மையமே இயங்குகிறது. வேறு பல கல்வி நிறுவனங்களில் இது முதுகலை உளவியலின் ஒரு தாளாகவோ சிறப்புப் பிரிவாகவோ அமைகிறது.

இப்பாடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோம். லெவெந்தால் குழுவினர் குருதி அழுத்த நோயாளரிடையே நடத்தி 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 'அழுத்தம் கூடுவதை மனிதரால் உணர முடியாது' என்று ஒப்புக்கொண்ட நோயாளரில் பெரும்பாலோரே, 'என்னால் உணர முடியும்' என்றும் கூறினர். தலைவலி, முகச்சூடு போன்ற ஏதோ ஓர் அடையாளத்தை நம்பி மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தோர் பலர். நம் ஊரிலும், 'தலை கனக்கவில்லை, எதற்கு மாத்திரை?' என்று கேட்கும் முதியவரை அறியாதார் யார்? இம்மாத்திரை உடலுக்குச் சூடு என்று நிறுத்திவிடுவோரும் உளர். இவர்களை அறியாமை உடையோர் எனத் தள்ளுதல் எளிது. அவர்கள் உள்ளத்தில் நோய்க்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அதைக் கேட்டறிந்த பின்னரே அதை மாற்ற முடியும் என்பதே இத்துறையின் பாடம்.

மொழியே கருவி

ஈண்டுதான் தமிழ் வருகிறது. 'படபடப்பு' என்று ஒரு நோயாளி கூறுகிறார். அது நெஞ்சின் துடிப்பா, மனத்தின் அச்சமா? தமிழில் அச்சொல் இரண்டையும் தழுவி நிற்கிறது. ஆங்கில வினாநிரலோ உடற்குறியை ஒரு பக்கத்திலும் மனக்குறியை மற்றொரு பக்கத்திலும் பிரித்து வைத்திருக்கிறது. 'மயக்கம்' என்னும் சொல் தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். சர்க்கரை தாழ்ந்த நீரிழிவு நோயாளியிடம் இவ்வேறுபாடு உயிர் தொடர்பானது. ஆங்கில வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலருகே நின்று, வாய்க்கு வந்தவாறு மொழிபெயர்த்துக் கேட்கும் மாணவர் பெறும் விடை யாருடைய விடை? எண்களைக் கணிப்பொறியில் இட்டுப் பட்டியல் வரையலாம். அப்பட்டியலில் நோயாளி இருக்க மாட்டார்.

வினாநிரலை ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றி ஒப்பிடும் முறையை ரிச்சர்டு பிரிஸ்லின் 1970-இல் விளக்கி எழுதினார். இன்று உலகெங்கும் அது பின்பற்றப்படுகிறது. ஆயினும் மீள்மொழிபெயர்ப்பு பொருந்திவிட்டால் மட்டும் போதாது. கீழக்கரை மூதாட்டிக்கும் வாணியம்பாடித் தோல் தொழிலாளிக்கும் அவ்வினா புரிகிறதா என்று நேரில் கேட்டறிய வேண்டும். வட்டார வழக்கு, சொற்பொருள் மாற்றம், இடக்கரடக்கல் ஆகியவற்றை இலக்கண வகுப்பில் கற்ற தமிழ் மாணவர் இப்பணியில் உளவியல் மாணவருக்குத் துணை நிற்க முடியும். உளவியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருத்தல் முறையன்று.

நோன்பும் நீரிழிவும்

நம் சமுதாயத்தைத் தொடும் ஒரு செய்தியையும் கூறுதல் கடமையாகிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடையே நிகழ்ந்த மற்றோர் ஆய்வு, இரண்டாம் வகை நோயுடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ரமளானில் 15 நாள்களேனும் நோன்பு நோற்றதையும், கடுமையான சர்க்கரைத் தாழ்வு அம்மாதத்தில் பன்மடங்கு மிகுந்ததையும் காட்டியது. நோயுற்றோர் வேறு நாள்களில் நோற்கலாம் என்னும் சலுகையைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே வழங்குகிறது. இதை அறியாதார் நம்முள் அரியர். அறிந்திருந்தும் முதியோர் அச்சலுகையை ஏற்கத் தயங்குவது ஏன்? இல்லம் முழுதும் ஸஹருக்கு எழும்போது தாம் மட்டும் விலகி நிற்கும் வருத்தமா? நாணமா? அடுத்த ரமளான் கிடைக்குமோ என்ற ஏக்கமா?

'நோன்பு கூடாது' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அவர் நோன்பைப் பற்றிச் சொல்லாமலே மாத்திரை வாங்கிச் செல்வார். தாமே அளவை மாற்றிக்கொள்வார். 'ஸஹருக்கு எழுந்தால் எந்த மாத்திரை போடுவீர்கள், உம்மா? கை நடுங்கினால் என்ன செய்வீர்கள்?' என்று அமர்ந்து கேட்பவர் ஒருவர் இருந்தால், அவர் உண்மையைச் சொல்வார். நோற்கலாமா என்பதையும் மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் முடிவு செய்வார். மார்க்க விளக்கத்தை ஆலிம்கள் தருவார்கள். இருவர்க்கும் தேவையான உண்மையை நோயாளியின் வாயிலிருந்து பெற்றுத் தருபவர் உடல்நல உளவியல் கற்றவர். இப்பணிக்கு நம் பெண்மக்கள் மிகவும் தேவைப்படுகின்றனர். பெண் நோயாளர் பலர் ஆடவரிடம் மனந்திறந்து பேசுவதில்லை என்பதைப் பெரியோர் அறிவர்.

ஐயங்கள் சில

'உளவியல் என்பது மனநலம் குன்றியோருக்கான படிப்பன்றோ? அதைப் படித்த பெண் என்றால் வரன் வருமா?' என்று கேட்போர் உளர். சர்க்கரையும் குருதி அழுத்தமும் இல்லாத குடும்பம் எது? இப்படிப்பு அக்குடும்பங்களுக்கானது.

'வேலை கிடைக்குமா?' என்ற வினாவுக்கு உண்மையை மறைக்காது விடை கூற வேண்டும். உடல்நல உளவியலில் பெறும் முதுகலைப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். பிரித்தானியாவில் உடல்நல உளவியலாளர் என்னும் பெயர் 2009 முதல் சட்டக் காப்புடையது. முதுகலைப் பட்டம் அங்கே முதற்படி மட்டுமே. மேற்பார்வையோடு கூடிய பயிற்சி இரண்டாம் படி. மேலும், உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் கற்பிக்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் ஆணையிட்டுள்ளது. வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம் என்று கூறுவோரை நம்பிப் பணம் இழத்தல் வேண்டா. நேரில் சென்று, நோயாளியின் அருகில் அமர்ந்து கற்க வேண்டிய கல்வி இது.

செய்ய வேண்டுவன

உளவியல் முதுகலை ஆய்வேடு ஒவ்வொன்றும், நோயாளியிடம் கேட்ட வினாக்களின் தமிழ் வடிவத்தை முழுமையாகப் பின்னிணைப்பில் தர வேண்டும். தமிழ்த்துறையினர் அதனைப் பார்வையிட்டுத் திருத்தும் ஏற்பாடு வேண்டும். உடல், நோய், வலி பற்றிய வட்டாரச் சொற்களைத் தொகுத்தலைத் தமிழ் மாணவர் தம் ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் மருத்துவம், பொறியியல் மாணவர்க்கு வழங்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை இப்படிப்புக்கும் ஒதுக்க வேண்டும்.

பிணி தீர்க்கும் மருந்தை உலகம் கண்டுவிட்டது. அம்மருந்து நம் வீட்டு முதியவரின் கைக்கு வந்தும் வாய்க்குச் செல்லாமல் நிற்கும் அந்த ஒரு சாண் தொலைவைக் கடக்கச் செய்பவர், அவர் மொழியில் கேட்கவும் அவர் மொழியில் விளக்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும். அத்தகையோரை உருவாக்க மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் சமுதாயச் சான்றோரும் ஒருங்கே முன்வருவார்களாக!