ஊசி இலவசம், அந்த நாள்?

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆயிரத்துக்கும் அதிகமான தொழிலாளருக்குக் கொரோனா தொற்றியது. நெருங்கியிருந்து உழைக்கும் இடத்தில் ஒருவரின் நோய் பலரின் நோயாகிறது. ஆகவே 2021இல் தடுப்பூசி வந்தபின், வேலைக்குத் திரும்புவோரிடம் தடுப்பூசி அட்டை கேட்ட முதலாளியைக் குறைகூற முடியாது.

ஆனால் ஊசியை அரசு இலவசமாகத் தந்தாலும், நாட்கூலிக்காரருக்கு அந்த நாள் இலவசமல்ல. வரிசையில் ஒரு நாள், சிலருக்குக் காய்ச்சலில் மறுநாள். ஊசி இரண்டென்றால் இழப்பும் இரட்டிப்பு. 2007இல் முள்ளிக்குளத்தில் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறிக் கூலிக்குப் போன நம் மக்களுக்கு இது விளங்கும்.

எனவே ஊசியை மறுக்க வேண்டாம். சந்தேகங்களை வைத்தியரிடம் கேளுங்கள். அட்டை கேட்பவர் அந்த நாட்களின் சம்பளத்தையும் தரவேண்டுமென ஒன்றுசேர்ந்து கேளுங்கள். அடுத்த கொள்ளைநோய் வருமுன்பே அதை எழுத்தில் பெற்றுக்கொள்வோம்.