யோசனைக்குக் குத்தகை

குத்தகை என்றால் என்னவென்று தஞ்சை ஜில்லாவாசிகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1952-ம் வருஷத்துப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1956-ம் வருஷத்து நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தபோது, நிலம் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மிராசுதாரின் வருமானந்தான் இறங்கிற்று.

நிலத்தைப் போலவே யோசனையைக் குத்தகைக்கு விடும் கம்பெனிகளும் உண்டு. அவற்றின் சொத்து, பேடண்ட் என்று சர்க்கார் 20 வருஷத்துக்கு அளிக்கும் தனி உரிமை.

நமது டெல்டாவில் நெல் அறுத்த வயல்களில் கோடையில் பருத்தி போடுகிறார்களல்லவா? பி.டி. பருத்தியில் காய்ப்புழுவைத் தடுக்கும் குணத்தை, மகிகோ மான்சாண்டோ பயோடெக் என்னும் கம்பெனி விதைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. 450 கிராம் பொட்டலத்துக்குச் சுமார் 163 ரூபாய் வாங்கிற்று. 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் அதை 49 ரூபாயாக்கியது, 2018-ல் 39, 2019-ல் 20, 2020-ல் பூஜ்யம்!

கோர்ட்டிலும் நிம்மதியில்லை. விதைக்கும் செடிக்கும் பேடண்ட் கிடையாது என்று 2002-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்லியிருந்தது. அதைக் கொண்டு 2018-ல் டில்லி ஐகோர்ட் இந்தப் பேடண்ட் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிற்று. 2021-ல் இரு கட்சியாரும் ராஜியானார்கள்.

பங்கு வாங்கும் குடும்பங்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இயந்திரமும் கட்டிடமும் உள்ள கம்பெனி நொடித்தாலும் இரும்பும் செங்கல்லுமாவது மிஞ்சும். பேடண்டையே நம்பிய கம்பெனிக்குச் சட்டந்தான் அஸ்திவாரம். ஆகவே லாப விகிதத்தைப் பார்க்குமுன், அந்தச் சட்டம் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்ப்பது விவேகம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. விதை குடியானவனுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு விதி என்றால் மூலதனம் மிரண்டு ஓடும். 2016-ல் மான்சாண்டோவின் இந்தியக் கூட்டாளியான மகிகோ அடுத்த ரகப் பருத்திக்கான விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. போகட்டும் என்றால், அந்த வேலையை யாராவது செய்ய வேண்டுமே! ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் பொதுப் பணத்தில் நமக்கு நெல் விதை கண்டு தருகிறது. யோசனைக்குக் குத்தகை தர மனமில்லாத தேசம், ஆடுதுறைகளுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புழுவுக்குத்தான் கொண்டாட்டம்.