ஜலதோஷத்தின் விலை

தில்லியில் நவம்பர் பிறந்துவிட்டால் மூக்கை உறிஞ்சாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். தீபாவளிப் புகை, பஞ்சாப், அரியானா வயல்களில் வைக்கோல் எரிக்கும் புகை, அதிகாலைப் பனி எல்லாம் சேர்ந்து தொண்டையைப் பதம் பார்க்கின்றன. மெட்ரோவில் ஒருவர் தும்மினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம்' என்ற பழைய வேடிக்கைப் பேச்சுதான் ஜலதோஷத்துக்கு ஊரார் தரும் மரியாதை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நேற்று மாடிப்படி ஏறியவர், 100 டிகிரி ஜுரம் வந்ததும் கட்டிலிலிருந்து குளியலறைவரை சுவரைப் பிடித்துக்கொண்டு போக நேரிடலாம்.

1868இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ விரிவாக விவரித்த நோய் இது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் மீதுள்ள மயலின் உறையை அரிக்கின்றன. உறை கழன்ற ஒயர் போலாகிறது நரம்பு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. வெள்ளைக்காரர்களின் வியாதி என்று இந்தியாவில் வெகுகாலம் ஒதுக்கிவைத்திருந்தார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவிய பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

உறை கழன்ற நரம்புக்குச் சூடு ஆகாது. உடற்பயிற்சி செய்து உடல் சூடேறியதும் சில நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இல் எழுதிவைத்தார். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே போதும், பாதிக்கப்பட்ட நரம்பில் செய்தி ஓடாமல் தடைபடலாம். ஸ்கேன் வராத காலத்தில், சந்தேகம் உள்ளவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துக் கை கால் சோர்கிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. 45 டிகிரி ஜூன் வெயிலில் தில்லி பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு அந்தப் பரிசோதனை இன்றும் இலவசமாக நடக்கிறது. ஜுரம் அதே வேலையை உள்ளேயிருந்து செய்கிறது.

இதில் ஆறுதலான விஷயமும் உண்டு. ஜுரத்தோடு திரும்பிவரும் பழைய மரத்துப்போதலும் தள்ளாட்டமும் பெரும்பாலும் புதிய சேதத்தின் அடையாளங்கள் அல்ல. ஜுரம் இறங்கினால் அவையும் இறங்கிவிடும். பயந்துபோய் உடனே ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடுவது ஆபத்து. மார்பிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். முதலில் தெர்மாமீட்டர், பிறகு சிறுநீர்ப் பரிசோதனை, அதன் பிறகுதான் ஸ்டீராய்டு பற்றிய பேச்சு. ஜுரம் இல்லாமலே ஒரு நாளுக்கு மேல் புதிய தொந்தரவு நீடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த நோய் இருந்தால் ஜலதோஷம் அடிக்கடி பிடிக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அரிசோனாவில் சிப்லியும் சகாக்களும் 170 நோயாளிகளையும் 134 ஆரோக்கியமானவர்களையும் எட்டு ஆண்டுகள் மாதந்தோறும் கவனித்து, 1985இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு வைரஸ் தொற்று குறைவாகவே வந்திருந்தது! ஆனால் தொற்று வந்ததை ஒட்டிய சில வாரங்களில் நோய் மீண்டும் தாக்கும் விகிதம் மற்ற காலத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தும்மல் எத்தனை தடவை வருகிறது என்பதைவிட, வந்தபின் என்ன விலை கேட்கிறது என்பதே பிரச்னை.

அன்று நோயை அடக்கும் மருந்து எதுவும் சந்தைக்கு வந்திருக்கவில்லை. இன்று இருக்கும் மருந்துகளில் வலுவானவை எதிர்ப்பு சக்தியைத் தட்டிவைத்தே நோயைத் தடுக்கின்றன. விலை கட்டுப்படியாவதால் இந்தியாவில் பலருக்குத் தரப்படும் ரிட்டுக்ஸிமாப் இந்த ரகம். கொரோனா காலத்தில் இதைப் போட்டுக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் அவதிப்பட்டார்கள். தடுப்பூசியும் அவர்களிடம் சரியாகப் பிடிக்கவில்லை. கால் நடக்க வேண்டுமானால் மூக்கைப் பணயம் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீட்டு வைத்தியம் நுழைகிறது. ஜுரம் என்றால் ஜன்னலைச் சாத்தி, ரஜாய் போர்த்தி, ஹீட்டரைப் பக்கத்தில் நகர்த்தி, ஆவி பிடிக்கவைப்பது தில்லித் தமிழ் வீடுகளிலும் வழக்கம். பாசம்தான், ஆனால் இவருக்கு வேண்டியது நேர்மாறு: பாரசிட்டமால், ஈரத்துணி, மெல்லிய போர்வை. மிளகு ரசத்தால் பாதகமில்லை. 'எதிர்ப்பு சக்தியை ஏற்றும்' சூரணங்கள் சங்கதி வேறு. தன் உடலையே கடிக்கும் காவல் நாய்க்கு யாராவது சத்துணவு வைப்பார்களா? சீந்தில் கொடியை நாடே கஷாயம் வைத்துக் குடித்தபோது, அதனால் சிலரின் கல்லீரல் கெட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது.

ஃப்ளூ தடுப்பூசி போடலாம். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வைரஸ் ரகம் மட்டும் வேண்டாம். ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்பவர்கள் அதற்குச் சில வாரங்கள் முன்பே ஊசியை முடித்துவிடுவது நல்லது. அமெரிக்க வழக்கப்படி அக்டோபருக்குக் காத்திருப்பதும் சரிப்படாது. தில்லியில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர்வரை. சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில். சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வரும் மத்திய அரசு ஊழியர் கோட்டோடு ஊசித் தேதியையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊழியருக்கு விடுப்பு கிடைப்பது தனிப் போராட்டம். 'ஜலதோஷத்துக்கா நாலு நாள் லீவு?' என்று கேட்கும் அதிகாரிக்கு அவர் நடந்து வருவதுதான் தெரியும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த நோயின் பெயரே இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த பட்டியலை 21 ஆக்கியபோது இது சேர்ந்தது. சேர்ந்தாலும் சான்றிதழ் கேட்பது ஒரு சதவீதத்தை. ஏப்ரலில் 20 சதவீதமாகத் தெரிபவர் ஜுர நாளில் 80 சதவீதமாகக் கிடப்பார். வேலை ஒதுக்கீட்டுப் பிரிவில் இந்த நோயின் பெயர் தனியாகச் சொல்லப்படவும் இல்லை.

சட்டம் எட்டாத இடம் வாசற்படி. ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்து வரும் சித்தப்பா, முறுக்கு டப்பாவோடு இருமலையும் கொண்டுவருகிறார். வந்தவரை வராதே என்று சொல்ல எந்த மருமகளுக்கும் வாய் வராது. ரயில் ஏறும்போதே தொண்டை கரகரத்தால் அவர் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படலாம். அதற்குள் வந்து சேர்ந்துவிட்டால் மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, வெயில் விழும் பால்கனிப் பக்கம் நாற்காலி போடலாம். காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தால் அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.