இருளர் மரபும் குழு உரிமையும்



அரசின் முன் அனைவரும் சம உரிமையுள்ள தனிமனிதர்களே எனக் கொள்ளும் தாராளவாதச் சிந்தனைக்குள் நின்றே, தனிமனிதத் தேர்வுக்குப் பண்பாட்டுச் சூழல் அடிப்படையாதலால் சிறுபான்மையினருக்குக் குழு உரிமைகளும் வேண்டும் என்று கனடிய அறிஞர் வில் கிம்லிக்கா 1995-இல் வாதிட்டார். பாம்பு பிடிப்பதை மரபுத் தொழிலாகக் கொண்ட பழங்குடியினரான செங்கல்பட்டு மாவட்ட இருளர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், அதன் விளைவாகப் பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபோது இழப்பு அவர்களையே தாக்கியது. 1978-இல் உருவாகி, பாம்பைப் பிடித்து நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடச் சிறப்பு அனுமதி பெற்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கமே அம்மரபறிவைப் பாம்புக்கடி மருந்துக்குப் பயன்படச் செய்தது. ஆகவே, தமக்கெனத் தனிப் பண்பாடு கொண்டு, மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வழிபட்டுத் திருமணங்களும் நடத்தும் இம்மக்களுக்குச் சாதிச் சான்றிதழும் வீட்டுமனைப் பட்டாவும் சலுகையாக அன்றி உரிமையாகவே தாமதமின்றி வழங்கப்பட வேண்டும்.

– வாசகர், செங்கல்பட்டு