ஒரே வீட்டுக்குள் தபால் எதற்கு?

ஒரு கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி இயக்குவதையே மெய்நிகர் கணினி என்கிறோம். பழைய மென்பொருளை இயக்கவும் புதியதைப் பரிசோதிக்கவும் பலர் இதனைப் பயன்படுத்துகின்றனர். தாய்க்கணினியில் உள்ள கோப்புகளை உள்ளே இருக்கும் கணினிக்கு எவ்வாறு கொடுப்பது என்பதே இதில் எழும் முதற் சிக்கல்.

பலரும் பிரதி எடுத்து உள்ளே வைக்கின்றனர். இது தவறென்பேன். ஒரே கட்டுரைக்கு இரண்டு பிரதிகள் இருந்தால், திருத்தப்பட்டது எதுவெனத் தேடுவதிலேயே பொழுது கழியும் என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய எவரும் அறிவர். சில வேளைகளில் பிழையான பிரதியே அச்சேறிவிடும்.

வலையமைப்பு வழியாகப் பகிர்வது இரண்டாவது வழி. பெல் ஆய்வுகூடத்தில் பிளான் 9 இயங்குதளத்துக்காகப் பிறந்த 9பி நெறிமுறையும் வலையமைப்பை எண்ணி வகுக்கப்பட்டதே. கியூஎமு மென்பொருள் 2010இல் அதனை மெய்நிகர் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. எனினும், ஒரே வீட்டின் அடுத்த அறைக்குத் தபாலில் கடிதம் அனுப்புவது போன்றதே இது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போது இதன் தாமதம் நன்கு புலப்படும்.

2019இல் லினக்ஸ் 5.4 உடன் வந்த விர்ட்டியோ எஃப்எஸ், இரு கணினிகளும் ஒரே இயந்திரத்தில் இருக்கின்றன என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கியது. 2020இல் லினக்ஸ் 5.10 அதில் டாக்ஸ் வசதியைச் சேர்த்தது. தாய்க்கணினியின் மென்பொருளும் இடமளித்தால், அதன் நினைவகத்தில் உள்ள கோப்பை உள்ளிருக்கும் கணினி நேரடியாகவே வாசிக்கலாம். பத்து மெய்நிகர் கணினிகள் ஒரே கோப்பை வாசித்தாலும் நினைவகத்தில் ஒரு பிரதி போதும்.

வேகத்தைவிட, மூலம் ஒன்றாகவே இருப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. மெய்நிகர் கணினியின் சிறப்பே அதனைச் சூழ்ந்த மதில்தான். கோப்புகள் அனைத்தையும் எழுதும் உரிமையோடு பகிர்ந்தால், உள்ளே புகுந்த நச்சுநிரல் உங்கள் மூலப்பிரதிகளையே அழித்துவிடும். தேவையான கோப்புறையை மட்டும் பகிருங்கள். இயன்றவரை வாசிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். பகிர்வு ஒருபோதும் காப்புப்பிரதி ஆகாது. அதனை வேறொரு வன்தட்டில் தனியே வைத்திருங்கள்.

கதவு திறந்திருக்கலாம், சாவி மட்டும் வீட்டுக்காரரிடமே இருக்கட்டும்.